மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம்: பெட்டி கட்டும்போது செய்யும் தவறுகள்

ஆம்ஸ்டர்டாமில் மார்ச் மாதப் பகலில் 9, 10 டிகிரி இருக்கும். இரவில் 2, 3 வரை இறங்கும். "10 டிகிரிதானே, தடியாக ஒரு ஸ்வெட்டர் போதும்" என்று இந்த எண்ணை நம்பிப் பெட்டி கட்டுவதுதான் முதல் தவறு. அங்கே ஆளை வாட்டுவது காற்று. வடகடலிலிருந்து வரும் காற்றுக்கு அந்தத் தட்டையான நாட்டில் தடுப்பே கிடையாது. ஸ்வெட்டரின் பின்னல் வழியாக நேரே நெஞ்சுக்குள் இறங்கும். 'மார்ச் வாலை ஆட்டும்' என்பது டச்சுக்காரர்களின் பழமொழி. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, நடுவில் சில நாள் ஆலங்கட்டியும் விழும்.

அடுத்தது குடை. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பின்பக்கம் அக்கரைக்குப் போகும் இலவசப் படகில் நின்றுகொண்டு குடையை விரித்தேன். ஒரே வீச்சில் அது தலைகீழாகப் புரண்டு, கம்பி இரண்டு ஒடிந்தது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. போட்டிருந்த ஜீன்ஸின் முன்பக்கம் முழுக்க நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டது. பருத்தித் துணி ஈரத்தை விடவே விடாது. மதியம் அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்க்கும்போதும் கால் சில்லென்றுதான் இருந்தது. அதனால் குடையை வீட்டிலேயே வையுங்கள். தலையை மூடும் குல்லாவோடு சேர்ந்த, காற்றும் மழையும் புகாத ஜெர்கின் ஒன்றும், சீக்கிரம் உலரும் பேண்ட் இரண்டும் எடுங்கள். தண்ணீர் புகாத ஷூவும் வேண்டும், ஆனால் புதிதாக வாங்கியதோடு கிளம்பாதீர்கள். இரண்டு வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். அந்த ஊரில் நடை அதிகம், தெருவெல்லாம் செங்கல் பாவியது.

சரி, பெரிய கம்பளிக் கோட் ஒன்றை மாட்டிக்கொண்டால்? அதுவும் சரிவராது. டிராம், கடை, அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும். உள்ளே வேர்க்கும், அந்த வேர்வையோடு வெளியே வந்தால் காற்று பிடித்துக்கொள்ளும். உள்ளே உடம்போடு ஒட்டியிருக்கும் தெர்மல் உள்ளாடை, மேலே மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் அந்த ஜெர்கின் என்று அடுக்கினால் வேண்டியபோது கழற்றலாம். காதை மூடும் தொப்பியும் மப்ளரும் கையுறையும் சின்னச் சாமான்கள்தான், ஆனால் கால்வாய்ப் பாலத்தில் நிற்கும்போது அவற்றின் அருமை தெரியும்.

பெரிய சூட்கேஸ் இன்னொரு வம்பு. கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகளில் பல இன்று விடுதிகள். படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக, ஒரு ஆள் அகலத்தில் இருக்கும், பலவற்றில் லிஃப்ட் இருக்காது. வீட்டு முகப்பின் உச்சியில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். மேசை, கட்டிலையெல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றத்தான் அது. ஒரு கையால் தூக்க முடிகிற பெட்டிதான் அங்கே சரியான பெட்டி.

டியூலிப் வயல் பார்க்க மார்ச்சில் போவதும் பலர் செய்யும் தவறு. கோய்கன்ஹோஃப் பூங்கா மார்ச் மூன்றாம் வாரத்தை ஒட்டித் திறந்துவிடும், உள்ளரங்குகளில் டியூலிப் வைத்திருப்பார்கள். ஆனால் வயல்கள் நிறம் பிடிப்பது பெரும்பாலும் ஏப்ரல் நடுவில். மார்ச்சுக்குரியவை புல்வெளியில் தரையோடு தரையாகப் பூக்கும் குரோக்கஸும் மஞ்சள் டாஃபடிலும். எனக்கு அவையே போதுமானதாக இருந்தன.

நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது, லேப்டாப் கொண்டுபோனால் அடாப்டர் வேண்டும்.

அப்புறம், கடிகாரம். கோடைக்கால நேரத்துக்கு மாறுவதற்காக, மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை அங்கே 2 மணி நேராக 3 மணி ஆகிவிடும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. அன்று காலையில் ரயிலோ விமானமோ இருந்தால், சனி இரவு படுக்கும் முன்பே முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.