தப்பு விலையில் பொருள் கண்ணில் பட்டால்: ஆர்டருக்கு முன்னும் பின்னும்

நாற்பதாயிரம் ரூபாய் டிவி நாலாயிரத்துக்கு என்று டெலிகிராம் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுகிறது. 'லூட்! சீக்கிரம் போடுங்க!' என்று கீழே பத்து பேர் கத்துகிறார்கள். அது மோசடியாக இருக்கலாம், தலைப்பைச் சரியாகப் படிக்காததால் நமக்கு டிவி மாதிரித் தெரிகிற வேறொரு பொருளாக இருக்கலாம், இல்லை விற்பவர் நிஜமாகவே விலையைத் தப்பாகப் போட்டிருக்கலாம். மூன்றாவது அபூர்வம். அதுவே என்றாலும் ஆர்டர் கேன்சல் ஆவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே வந்தால் லாபம், வராவிட்டால் ஒரு ரூபாய்கூடக் கையை விட்டுப் போகக்கூடாது என்கிற மாதிரி ஆர்டரைப் போடத் தெரிய வேண்டும்.

முதலில், அது அந்தப் பொருள்தானா?

'5 லிட்டர் குக்கர் 249 ரூபாய்' என்று வரும். படத்தில் முழுக் குக்கர் பளபளக்கும். தலைப்பைக் கடைசி வரை படித்தால் '5 லிட்டர் குக்கருக்கான கேஸ்கெட்' என்றிருக்கும். வாஷிங் மெஷின் 599 என்றால் அதன் உறையாக இருக்கும். போன் 1,999 என்றால் முன்பதிவுத் தொகையாகவோ மாதத் தவணையாகவோ இருக்கும். மொபைல் ஆப்பில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டுத்தான் தெரியும் என்பதால், பொருளின் பக்கத்தைத் திறந்து கீழே 'பெட்டியில் என்ன இருக்கிறது' என்ற வரி வரை போய்ப் பாருங்கள். நிறம், அளவு, எண்ணிக்கை என்று தேர்வுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தேடலில் தெரிந்த விலை அவற்றில் ஆக மலிவானதன் விலையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியதைத் தொட்டதும் பழைய விலைக்கே எகிறிவிடும்.

அடுத்து, அது தள்ளுபடிதானா என்று பார்க்க வேண்டும். அடித்துக் காட்டியிருக்கும் எம்ஆர்பியை நம்பாதீர்கள். அந்த விலைக்கு யாரும் அதை விற்றிருக்கவே மாட்டார்கள். கீப்பா, பைஹட்கே போன்ற விலை வரலாறு காட்டும் கருவிகளில் ஆறு மாத வரைகோட்டைப் பாருங்கள். வழக்கமாக 2,300க்கும் 2,600க்கும் நடுவே ஆடும் பொருள் இன்று 1,900 என்றால் அது சாதாரண ஆஃபர், நிம்மதியாக வாங்கலாம். 230 என்றால் யாரோ ஒரு சைபரை விட்டுவிட்டார்கள்.

மோசடியைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: வந்த லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். ஆப்பை நீங்களாகத் திறந்து பொருளின் பெயரைத் தேடுங்கள். அங்கே அதே விலை இல்லையென்றால் லிங்க் போலித் தளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தளத்துக்குள்ளேயே இருந்தாலும் செல்லரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். நேற்று முளைத்த கடை, மதிப்பீடே இல்லை, 'தளத்துக்கு வெளியே யுபிஐயில் அனுப்புங்கள்' என்கிற செய்தி: இதில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தப்பு எங்கே நடந்தது என்று யூகியுங்கள்

தப்பு விழுந்த இடத்தைப் பொறுத்துத்தான் பொருள் வருமா வராதா என்பதும். ஆயிரக்கணக்கான பொருள்களை எக்செல் தாளில் ஏற்றும்போது ஒரு நெடுவரிசை தள்ளிப்போய், எடைக்கான எண் விலையில் உட்கார்ந்துவிடுகிறது. தனித்தனியாகத் திட்டமிட்ட இரண்டு கூப்பன்கள் ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. போட்டிக் கடையின் விலையைப் பார்த்துத் தானாக விலை குறைக்கும் மென்பொருளும் உண்டு. அது கட்டவிழ்ந்தால் விளைவு பெரிது. 2014 டிசம்பர் 12 மாலை, பிரிட்டனில் ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ் என்ற அப்படிப்பட்ட மென்பொருள் பழுதாகி, அமேசானில் ஏகப்பட்ட சிறு வியாபாரிகளின் சரக்கு ஒரு மணி நேரம் ஒரு பென்னிக்கு விற்பனைக்கு வந்தது. பல ஆர்டர்களை அமேசான் ரத்து செய்தது. ஆனால் அமேசான் கிடங்கிலிருந்து நேராகப் போகும் சரக்கில் ஒரு பகுதி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். தளத்தின் கிடங்கிலிருந்து போகும் பொருளை மனிதர் யாரும் விலை பார்த்து எடுப்பதில்லை. இயந்திர வேகத்தில் பெட்டியாகி வண்டி ஏறிவிடும். செல்லரே தன் கடையில் பெட்டி கட்டி அனுப்பும் பொருள் என்றால் பில் அடிக்கும்போதே அவர் கண்ணில் பட்டுவிடும். 2019 ஜூலையில் அமெரிக்காவில் அமேசானின் பிரைம் டே தள்ளுபடி விற்பனையில், சுமார் 13,000 டாலர் கேனான் லென்ஸ் உட்படப் பல விலையுயர்ந்த கேமரா சாமான்கள் 94 டாலர் சொச்சத்துக்கு விழுந்தன. ஆர்டர் போட்ட பலருக்குப் பொருள் வந்து சேர்ந்தது. அதே மாதிரி ஒரு சின்னக் கடைக்கு நடந்திருந்தால் கடையையே மூடியிருக்க வேண்டும். தனி ஆள் நடத்தும் கடையின் தப்பு என்று தெரிந்தால் விட்டுவிடுவதுதான் நியாயம் என்பது எங்கள் எண்ணம். சட்டம் அதைக் கேட்கவில்லை, அது வேறு.

ஆர்டர் போடும்போது

ஒன்றே ஒன்று போடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு பொருள் வாங்குபவரைப் பார்த்து 'தப்பு என்று தெரிந்தே வாங்கினாய்' என்று சொல்வது கடினம். பத்து போட்டால் அதை நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் தளத்தில் 3,854 டாலர் எச்பி பிரின்டர் 66 டாலருக்கு வந்தது. வழக்குப் போட்ட ஆறு பேர் தங்களுக்குள் 1,606 பிரின்டர் ஆர்டர் செய்திருந்தார்கள். உறுதி மின்னஞ்சலும் அவர்களுக்கு வந்திருந்தது. ஆனாலும் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நள்ளிரவு தாண்டி ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளும், அசல் விலை என்ன என்று இணையத்தில் அவர்கள் தேடிப் பார்த்ததும் அவர்களுக்கே எதிரான சாட்சியாயின. ஆகவே 'தப்பா போட்டுட்டான்டா, அள்ளு' என்று வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கலாம். வேறு வேறு கணக்குகளில், வேறு வேறு எண்களில் போடுவது இன்னும் மோசம். கணக்கு முடங்கினால் அதில் கிடக்கும் வாலட் பணத்துக்கும் சேர்த்து அலைய வேண்டும்.

பணம் கட்டும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கேஷ் ஆன் டெலிவரி இருந்தால் பணம் மாட்டிக்கொள்ளாது. ஆனால் தப்பு விலைப் பொருள்களில் அது பெரும்பாலும் கிடைக்காது. யுபிஐ நல்லது, ரீஃபண்ட் சீக்கிரம் வரும். கிரெடிட் கார்டு என்றால் ஏழு வேலை நாள் வரை ஆகலாம். பில் தேதி நடுவில் வந்தால் ரீஃபண்ட் வரும் என்று கட்டாமல் விடாதீர்கள். பில்லில் அச்சான தொகையைக் கட்டிவிடுங்கள், பிறகு வருவது கணக்கில் வரவாக நிற்கும். இஎம்ஐ கூடவே கூடாது. ஆர்டர் கேன்சல் ஆனாலும் பிராசஸிங் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் திரும்பாமல் போகலாம். கிஃப்ட் கார்டில் கட்டினால் பணம் கிஃப்ட் கார்டுக்கே திரும்பும், அதற்குள் காலாவதித் தேதி வந்துவிடாதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போன் எக்ஸ்சேஞ்சையும் இதில் சேர்க்க வேண்டாம்.

உடனே நாலு ஸ்கிரீன்ஷாட்: பொருளின் பக்கம் (விலை, செல்லர் பெயர், தேதி நேரம் தெரிகிற மாதிரி), கார்ட், பணம் கட்டிய திரை, ஆர்டர் எண். அரை மணியில் அந்தப் பக்கமே காணாமல் போகலாம். அதன் பிறகு சும்மா இருங்கள். கஸ்டமர் கேருக்கு அழைத்து 'இந்த விலை உண்மைதானா?' என்று கேட்பது, தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவதுதான். முகவரி மாற்றுவது, டெலிவரி தேதி மாற்றுவது எதுவும் வேண்டாம். அந்தப் பொருளை நம்பி வேறு எதுவும் வாங்கவும் கூடாது. டிவி வருமுன் சுவர் ஸ்டாண்டு வாங்கி ஆணி அடித்தவர்கள் உண்டு.

விமான டிக்கெட்டில் இது இன்னும் முக்கியம். பிஎன்ஆர் என்கிற ஆறு எழுத்து முன்பதிவு எண் வந்துவிட்டதால் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை; பதின்மூன்று இலக்க மின்டிக்கெட் எண் வந்ததா என்று பாருங்கள். வந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, அதற்கப்புறம் ஓட்டலும் விசாவும் பார்க்கலாம். அவசரம் என்றால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போடுங்கள்.

கேன்சல் என்று செய்தி வந்தால்

'பணம் பிடித்துவிட்டார்கள், அப்புறம் எப்படி கேன்சல் செய்யலாம்?' என்பதுதான் எல்லோரும் கேட்பது. பெரிய தளங்களின் விதிமுறையில், நீங்கள் போடும் ஆர்டர் வாங்க விரும்புகிறேன் என்ற கோரிக்கை மட்டுமே. பொருள் அனுப்பப்பட்டது என்ற செய்தி வரும்போதுதான் விற்பனை ஒப்பந்தம் ஆகிறது. ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்துக்கொண்டதாலேயே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் முதலில் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்க வேண்டுமே. அதனால் அனுப்புவதற்கு முன் கேன்சல், அனுப்பிய பின் கேன்சல் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முன்னதில் முழுப் பணமும் திரும்பினால் பேசாமல் விடுவதே மேல். பின்னதில் உங்கள் பக்கம் கனம் கூடுகிறது.

கேள்வி கேட்கவே முடியாது என்றும் இல்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, கேன்சல் செய்யும் வாடிக்கையாளரிடம் கட்டணம் பிடிக்கும் தளம், தானே ஒருதலையாகக் கேன்சல் செய்தால் அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

ஒடிஷாவில் ஒரு சட்ட மாணவர் 2014இல் அமேசானில் 190 ரூபாய்க்கு லேப்டாப் ஆர்டர் போட்டார். அசல் விலை 23,499. விலைச் சிக்கல் என்று கேன்சல் ஆனது. மாநில நுகர்வோர் ஆணையம் 2021இல் அவருக்கு 40,000 ரூபாயும் வழக்குச் செலவும் தரச் சொன்னது. வென்றார்தான். ஆனால் ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அந்த லேப்டாப் மாடலே பழசாகியிருக்கும்.

பொருள் கைக்கு வந்துவிட்டால்

பெட்டியைத் திறப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள், முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி. இன்வாய்ஸை அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். செல்லர் என்று சொல்லி யாராவது போனில் அழைத்து, 'பொருளைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மீதிப் பணத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்றால், எதுவானாலும் தளத்தின் வழியாக எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வையுங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம், ஆப்பில் பிக்கப் பதிவு இல்லாமல் பொருளைக் கொடுக்காதீர்கள்.

பழுதாக வந்தால் 'ரிட்டர்ன்' என்று அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். திரும்பி வருவது நீங்கள் கட்டிய அந்தச் சின்னத் தொகைதான். மாற்றுப் பொருள் அந்த விலைக்கு வராது. உற்பத்தியாளரின் வாரன்டி இருக்கிற பொருள் என்றால், நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இன்வாய்ஸோடு போங்கள்.