எட்டும் எய்ட்டும் சொந்தமா? மொழிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியத் தொடர் பார்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். "அவங்களும் அப்பான்னுதான் கூப்பிடுறாங்க, அம்மாவை ஒம்மாங்கிறாங்க, அப்போ கொரியன் தமிழிலிருந்துதானே வந்திருக்கு?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் படமாகவே போட்டு அனுப்புவார்கள். தமிழ் மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்புகிறார்கள் என்பது தெரியும். எனக்கும் அந்தப் பாசம் உண்டு. அதனாலேயே இந்த ஒப்பீடு ஏன் நிற்காது என்று சொல்லத் தோன்றுகிறது.

குழந்தைக்கு முதலில் வாய்க்கும் ஒலிகள் உதட்டை மூடித் திறந்தால் வருபவை: ம, ப. அது உளறும் ஒலியைப் பெற்றோர் தங்கள் பெயராக எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது. எது யாருக்கு என்பதுகூட நிலையில்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. ஆகவே மொழி உறவைத் தேடுகிறவர் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியவை இந்த அம்மா, அப்பாச் சொற்கள்தான்.

"சரி, கொரியனில் நான் என்பதற்கு 'நா' என்கிறார்களே?" என்று அடுத்த கேள்வி வரும். இங்கே நடப்பது வேறு தவறு. இன்றைய வடிவத்தை இன்றைய வடிவத்தோடு அப்படியே பொருத்துகிறோம். நம் 'நான்' தொடக்கத்திலிருந்தே 'ந' என்ற எழுத்தோடு இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் 'யான்'. பழங்கன்னடத்தில் 'ஆன்', பழந்தெலுங்கில் 'ஏனு'. இப்போதும் என்னை, எனக்கு, என்னால் என்று சொல்லிப் பாருங்கள், அந்த 'ந'வைக் காணோம். பின்னாளில் ஒட்டிக்கொண்ட எழுத்தை வைத்துப் பழைய உறவுக்குச் சான்று காட்ட முடியாது.

எட்டு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் எய்ட், இந்தியில் ஆட், தமிழில் எட்டு. காதில் விழும்போது மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கின்றன. உள்ளே பிரித்துப் பாருங்கள். எண்பது, எண்ணூறு என்கிறோம். ஆக நம் எட்டின் வேர் 'எண்'. கன்னடத்தில் 'எண்ட்டு', தெலுங்கில் 'எனிமிதி' என்று அந்த மூக்கொலி அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் லத்தீனில் 'ஒக்டோ', ஜெர்மனில் 'அஹ்ட்', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. இவற்றுக்கு அடியில் இருப்பது ககர ஒலி. வேரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே சாயலில் வந்து நிற்கின்றன. தற்செயலான ஒற்றுமைக்கு இன்னொன்று: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர்! ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல. 'குடக' என்ற பழைய சொல் குறுகியதால் வந்தது.

அப்படியானால் உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? சாயலைத் தேடாதீர்கள், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தைத் தேடுங்கள். பெங்களூருக்குக் குடிபோகிறவர்களிடம் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி, பாம்பு – ஹாவு, பன்றி – ஹந்தி, போ – ஹோகு. தமிழில் சொல்லின் முதலில் பகரம் இருந்தால் கன்னடத்தில் ஹகரம். பழங்கன்னடக் கவிஞர் பம்பகவி எழுதிய 10ஆம் நூற்றாண்டில் அங்கேயும் பகரம்தான், பிறகு மாறியது. வகரம் பகரமாவதும் அப்படித்தான், ஆங்கில பி போல ஒலிக்கும் பகரம் அது: வா – பா, வேர் – பேரு, வெல்லம் – பெல்ல, வாழை – பாளெ.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. விதி கைக்கு வந்த உற்சாகத்தில் எல்லாச் சொல்லுக்கும் அதைப் போட்டுவிடக் கூடாது. புத்தகம் கன்னடத்தில் 'புஸ்தக', பூஜை 'பூஜெ'. இவை சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொற்கள், அந்த மாற்றத்துக்கு உட்படவில்லை. விதிக்கு அடங்காத சொல் வந்தால் அது கடன் சொல்லா என்று முதலில் பார்க்க வேண்டும். சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. அதற்காகத் தமிழும் போர்ச்சுகீசும் உறவு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் தெலுங்கில் நிறைந்திருந்த சமஸ்கிருதச் சொற்களைப் பார்த்து அது சமஸ்கிருதத்தின் வாரிசு என்றே நம்பினார்கள். சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் தெலுங்கின் சொந்த வேர்ச்சொற்களைத் தமிழ், கன்னட வேர்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டி அதை மறுத்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1856இல்.

நமக்குக் கொஞ்சம் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "தமிழ்தான் தாய், மற்றவை மகள்கள்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். செவி கன்னடத்தில் 'கிவி', சேரி 'கேரி', சிறு 'கிரு'. இங்கே பழையது கன்னடத்துக் ககரம். நம் சகரம்தான் பிந்தியது. அசோகர் கல்வெட்டுகள் சேரரைக் 'கேரளபுத்திர' என்று ககரம் வைத்துக் குறிப்பதை இதனோடு சேர்த்துப் பார்ப்பார்கள். "அப்படியானால் கிளியும் கேளும் ஏன் சகரமாகவில்லை?" என்று கேட்டால் அதற்கும் கணக்கு இருக்கிறது. அடுத்து ட, ள, ழ மாதிரி நாக்கு மடங்கும் ஒலி வந்தால் ககரம் அப்படியே நின்றுவிட்டது: கெடு, கீழ், கேள். பால் விஷயத்தில் பழமையைக் காத்தது தமிழ், செவி விஷயத்தில் கன்னடம். அக்காவும் தங்கையும் அம்மாவின் நகைகளை ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருப்பது போல.

எழுத்து வடிவத்தைப் பார்த்து உறவு சொல்வதும் வேண்டாம். தெலுங்கும் கன்னடமும் எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் குடும்ப மரத்தில் கன்னடம் தமிழுக்குத்தான் நெருக்கம். பலுசிஸ்தானில் அரபு வகை எழுத்தில் எழுதப்படும் பிராகுயி திராவிட மொழி. பார்வைக்குத் தென்னிந்திய எழுத்துப் போலவே வளைந்திருக்கும் சிங்களம் இந்தோ-ஆரிய மொழி.

மொழியைக் கற்கிறவர்களுக்கு இதைவிடத் தொல்லை தருவது ஒரே சொல் வேறு வேறு பொருளில் வருவது. எங்கள் அலுவலகத்தின் ஹைதராபாத் கிளையில் இருந்த தோழி ஒருத்தியிடம், ஓர் அறிக்கையை அன்றைக்கே முடித்துத் தரட்டுமா என்று கேட்டிருந்தேன். 'அவசரம் லேது' என்று பதில் வந்தது. அவசரமில்லையாம், மெதுவாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அந்த அறிக்கை வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அதே சொல்லுக்கு மலையாளத்தில் வாய்ப்பு என்று பொருள். இந்தி 'அவசர்'உம் அதுவே. பாலக்காட்டில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். இந்தியில் 'உபன்யாஸ்' என்றால் நாவல், நமக்கு உபன்யாசம் கோயிலில் கேட்பது.

அதற்குப் பிறகு தெரிந்த சொல்லைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். புதுச் சொல்லுக்குப் பொருள் தெரியாது என்பது தெரிந்திருப்பதால் யாரையாவது கேட்டுவிடுகிறோம். அவசரத்தை யாரும் கேட்பதில்லை. என் குறிப்பேட்டில் தெலுங்குக்கு ஒதுக்கிய பக்கங்களில் இப்படிப்பட்ட சொற்களுக்கு மட்டும் சிவப்பு மை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தெலுங்குக்காரர் ஒருவர் வாயிலிருந்து கேட்ட முழு வாக்கியம் ஒன்று எழுதியிருக்கிறேன்.