ஆராய்ச்சிக்கென்று எடுத்த தரவை அப்ரைசலுக்குக் கொடுக்காதீர்கள்

2025 பிப்ரவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனமும் செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனமும், தங்கள் ஏ.ஐ. கருவிகளை மக்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆய்வுகளை வெளியிட்டன. கருவியிடம் என்ன கேட்கப்பட்டது என்பது அவற்றில் தெரிகிறது. வாங்கிய பதிலை வைத்து ஊழியர் என்ன செய்தார், வேலை சீக்கிரம் முடிந்ததா, அடுத்த ஆண்டு அந்தப் பணியிடம் இருந்ததா என்பதெல்லாம் அந்த அலுவலகத்துக்குத்தான் தெரியும். அதனால் நிறுவனங்கள் தாமாக முன்வந்து பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தரவைக் கொடுப்பதை மனதார வரவேற்கிறேன். அதைத் தயார் செய்து கொடுப்பதே என் தொழில். ஆனால் முதல்முறை கொடுப்பவர்கள், இந்தத் தொழிலில் நாங்கள் எப்போதோ பார்த்து அலுத்த குழிகளிலேயே விழுகிறார்கள். கடவுச்சொல்லையும் வாடிக்கையாளர் பெயரையும் நீக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

## லைசென்ஸ் எண்ணிக்கையைப் பயன்பாடு என்று எழுதாதீர்கள்

ஆயிரம் பேருக்கு லைசென்ஸ் வாங்கினோம் என்பது செலவுக் கணக்கு மட்டுமே. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2023 செப்டம்பரிலிருந்து நிறுவனங்களிடம் ஏ.ஐ. பற்றிக் கேட்டு வருகிறது. கேள்வியிலேயே "கடந்த இரண்டு வாரங்களில்" என்று காலத்தை வரையறுத்தார்கள். உங்கள் அட்டவணையிலும் காலம் வேண்டும், எந்த வேலைக்கு என்பதும் வேண்டும்.

## பிராம்ப்ட்டுகளை அப்படியே அனுப்பாதீர்கள்

பிராம்ப்ட் என்பது ஊழியர் கருவியிடம் தட்டச்சு செய்யும் கேள்வி. பெயரை எடுத்துவிட்டாலும் அதன் வார்த்தைகளே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். 2006-இல் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் இரண்டு கோடித் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், தேடிய சொற்களை வைத்தே, சில நாட்களில் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

## ஆராய்ச்சி அட்டவணையை மேலாளர் கண்ணில் காட்டாதீர்கள்

இன்றுவரை எனக்கு ஆத்திரம் தீராத தவறு இதுதான்.

சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனம். பல்கலைக்கழக ஆய்வுக்காகத் தரவு எடுக்கிறோம், யார் பெயரும் வெளியே போகாது என்று ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பெயர் வெளியே போகவில்லை, சொன்னபடியே நடந்தார்கள். ஆனால் ஏ.ஐ. லாக்கையும் (பயன்பாட்டுப் பதிவு) டிக்கெட் (ஒதுக்கப்படும் ஒவ்வொரு வேலைக் கோரிக்கை) முடிக்கும் நேரத்தையும் இணைப்பதற்காக, உள்ளே இருந்த அட்டவணையில் ஊழியர் எண் இருந்தது. காலாண்டு முடிவில் ஓர் உயரதிகாரி, "யார் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்டார். வரிசைப்படுத்தினால் போதும், பதில் வந்துவிடும். வந்தது. அப்ரைசலில், அதாவது பணி மதிப்பீட்டில், ஒரு சோதனைப் பொறியாளரிடம் அந்த எண்ணைக் காட்டி விளக்கம் கேட்டார்கள்.

செய்தி மதிய உணவு நேரத்துக்குள் தளம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதம் பயன்பாடு எகிறியது. இரண்டு வரி மின்னஞ்சலைக்கூடக் கருவியிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார்கள். டிக்கெட் முடிக்கும் நேரமோ மாறவே இல்லை. அதே குழுவில் வேறு சிலர், அதிகம் பயன்படுத்தினால் தங்கள் வேலையை இயந்திரமே பார்த்துவிடும் என்ற முடிவுக்கு நிர்வாகம் வந்துவிடுமோ என்று பயந்து, சொந்தக் கைபேசியில் கருவியைத் திறந்தார்கள். ஒரு பாதி எண்ணை ஊதிப் பெருக்கியது, மறுபாதி மறைத்தது. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கணக்கில் ஓரளவு சரிசெய்யலாம். இதை எந்தப் புள்ளியியல் முறையாலும் சரிசெய்ய முடியாது. ஆய்வாளர்கள் அந்த மாதத்தோடு தரவைத் துண்டித்துக்கொண்டார்கள். மறுபடி ஒப்புதல் கேட்டபோது கையெழுத்துப் போட ஆளில்லை. பொறுப்பாக உழைத்த ஒரு குழுவின் வேலை, ஒரு கேள்வியால் பாழானது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 17-ஆவது பிரிவு, ஆராய்ச்சிக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு தருகிறது. அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட எந்த ஒருவரைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அட்டவணை அப்ரைசல் அறைக்குள் நுழைந்தால், அந்த விலக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது.

"எங்கள் கருவி, எங்கள் பணம், யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க உரிமை இல்லையா?" என்று கேட்கிறார்கள். பாருங்கள். அதற்குத் தனியாக அறிவிப்புக் கொடுத்து, தனி அட்டவணை வைத்துப் பாருங்கள். ஆராய்ச்சி என்று சொல்லி வாங்கியதைத் தொடாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. முதல் லாக்கை எடுப்பதற்கு முன்பே, தனிநபர் பற்றிய முடிவுக்கு இது பயன்படாது என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும். ஊழியர் எண்ணை வேறு குறியீடாக மாற்றும் பட்டியல், மனிதவளத் துறைக்கும் டீம் லீடுக்கும் எட்டாத ஒருவரிடம், முடிந்தால் வெளியாளிடம், இருக்க வேண்டும். இணைப்பு வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்து, அழித்த தேதியை ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும்.

## மூன்று பேர் உள்ள குழுவைத் தனி வரியாகக் காட்டாதீர்கள்

மதுரைக் கிளை, சட்டப் பிரிவு, பெண் என்று மூன்று நெடுவரிசை போதும். அது ஒரே ஆளாக இருக்கலாம். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று தரவு அந்தரங்க ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். பத்துப் பேருக்குக் குறைந்த குழுக்களை வேறு குழுவோடு சேர்த்து ஒரே வரியாக்கிவிடுங்கள்.

## மிச்சமான நேரத்தை வாய்வழியாகக் கேட்டு எழுதாதீர்கள்

மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள 16 நிரலாளர்கள் செய்த 246 பணிகளை அளந்தது. ஏ.ஐ. கருவியால் 20 சதவீத நேரம் மிச்சமானதாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் 19 சதவீதம் கூடுதலாக ஆகியிருந்தது. ஊழியரின் கணிப்பைக் கொடுப்பதில் தவறில்லை. "கணிப்பு" என்று பெயரிட்டுத் தனி நெடுவரிசையில் கொடுங்கள்.

## கைவிட்ட கருவிகளையும் சேருங்கள்

வெற்றிபெற்ற பிரிவின் தரவு மட்டும் வந்தால் அது விளம்பரம். எந்த மாதம், எந்தப் பதிப்பில், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.