ஆல்ப்ஸ் மலையூரில் ஒரு ஷ்விங்கன் திருவிழா: முதன்முறை போகிறவர்களுக்கு

கோடையில் சுவிட்சர்லாந்துக்குப் போகிறவர்கள் யுங்ஃப்ராவ் பனியையும் லூட்சேர்ன் மரப்பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சூரிச்சிலும் பெர்னிலும் வாழும் நம் உறவினர்கள் விருந்தாளிகளை அழைத்துப் போவதும் அங்கேதான். அதே ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து மலையூர் ஒன்றில் மரத்தூள் பரப்பிய களத்தில் மல்லர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். அந்த மல்யுத்தத்தின் பெயர் ஷ்விங்கன். அந்த நாட்டு மக்களை அவர்கள் இயல்பில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை இறுதிப் போட்டிக்கு மட்டும் போகாதீர்கள். காலை எட்டு மணிக்கே போய் அமர்ந்துவிடுங்கள். காரணம் நான்காம் படியில்.

படி 1: விழாவைத் தேர்ந்தெடுங்கள்

நாடு முழுவதற்குமான பெருவிழா மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 2025-இல் கிளாருஸ் மாநிலத்தின் மொல்லிஸில் நடந்தது. அடுத்தது 2028-இல் தூன் நகரில். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமரும் தற்காலிக அரங்கு எழுப்புவார்கள். ஆனால், அதற்கு டிக்கெட் கிடைப்பது மிகக் கடினம்.

முதன்முறை போகிறவர்களுக்கு மாநில அளவிலான விழாக்களையே பரிந்துரைப்பேன். கூட்டம் அளவாக இருக்கும், களமும் கண்ணுக்கு அருகில் இருக்கும். மலை விழாதான் வேண்டும் என்றால் ரீகி, ஸ்டூஸ், ஷ்வேகால்ப், புரூனிக் ஆகியவை புகழ்பெற்றவை. புரூனிக் விழா ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று, லூட்சேர்னுக்கும் இன்டர்லாக்கனுக்கும் இடையிலுள்ள கணவாயில் நடக்கும். காட்டுக்கு நடுவே இயற்கையாக அமைந்த சரிவில் அமர்ந்து பார்க்கலாம். ரயில் கணவாய் வரைக்கும் போகிறது. டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

படி 2: எடுத்துச்செல்ல வேண்டியவை

தொப்பி, தண்ணீர், மழைக்கோட்டு. மழை பெய்தாலும் போட்டி நிற்காது. குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்குக் களம் மறையும், அதனால் குடை வேண்டாம். எடெல்வைஸ் பூ அச்சிட்ட நீலச் சட்டையைப் பலர் அணிந்திருப்பார்கள். நீங்களும் அதை அணிய வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

பென்சில் ஒன்று அவசியம் வேண்டும். எதற்கு என்று அடுத்த படியில்.

படி 3: பெயர்ப்பட்டியலை வாங்குங்கள்

நுழைவாயிலிலேயே மல்லர்களின் பட்டியல் கிடைக்கும். பெயருக்கு அருகில் உள்ள நட்சத்திரங்களைக் கவனியுங்கள். மூன்று இருந்தால் அவர் தேசிய விழாவில், முன்னணியில் வருபவர்களுக்குச் சூட்டும் ஓக் இலைக்கிரீடம் வென்றவர். இரண்டு என்றால் மலை விழாவிலோ மண்டல விழாவிலோ அதை வென்றவர், ஒன்று என்றால் மாநில அளவில். ஒரே நேரத்தில் பல களங்களில் போட்டி நடப்பதால் புதியவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. மூன்று நட்சத்திரக்காரர் ஒருவரையும் நட்சத்திரமே இல்லாத இளைஞர் ஒருவரையும் தேர்ந்தெடுத்து, நாள் முழுவதும் அந்த இருவரைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் அவர்களுடைய மதிப்பெண்ணைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அரங்கில் பழகியவர்கள் மடியில் தாளை வைத்து இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

படி 4: ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மல்லர்கள் தங்கள் உடைக்கு மேல் சணலால் ஆன முரட்டு அரைக்கால்சட்டை அணிவார்கள். முதலில் கைகுலுக்குவார்கள். பிறகு ஒருவரின் அரைக்கால்சட்டையை மற்றவர் பற்றிக்கொண்டு குனிந்து நிற்பார்கள். அந்தப் பிடியை விடாமல் எதிராளியின் தோள்பட்டைகளை மரத்தூளில் படும்படி சாய்த்தால் வெற்றி. எடைப்பிரிவு கிடையாது. 80 கிலோக்காரர் 130 கிலோக்காரரை எதிர்கொள்ள நேரலாம். அப்போது தூக்கிச் சுழற்றும் ‘குர்ட்ஸ்’, எதிராளியின் கழுத்துக்கு மேலாகக் கையைச் செலுத்தி முதுகுப் பக்கத்துச் சணலைப் பற்றும் ‘பிரியென்சர்’ போன்ற உத்திகள்தான் கைகொடுக்கும்.

மல்லாக்க வீழ்த்தித் தெளிவாக வென்றால் 10 மதிப்பெண், மற்ற வெற்றிகளுக்குப் பெரும்பாலும் 9.75. சமநிலைக்கு 9 அல்லது 8.75. தோற்றவருக்கும் பெரும்பாலும் எட்டரை கிடைக்கும்.

காலையிலேயே வரச் சொன்னதன் காரணம் இப்போது புரியும். யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை முன்கூட்டியே முழுதாக எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அதுவரையான மதிப்பெண்களைப் பார்த்து, நடுவர் குழு அடுத்த ஜோடிகளை முடிவு செய்கிறது. ஒரு நாள் விழாவில் முன்னணி மல்லருக்கு ஆறு போட்டிகள். ஆறாவதில் முதலிடத்துக்காக இருவர் மோதுவார்கள். காலையில் கால் மதிப்பெண் இழந்தவர் மாலையில் அந்த இருவரில் ஒருவராக வர முடியாமல் போகலாம். இந்தக் கணக்கு கூடிக்கொண்டே வருவதைப் பார்த்தவருக்குத்தான் இறுதிப் போட்டியின் பதைப்பு தெரியும்.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். வென்றவர் கொண்டாடத் தொடங்கும் முன், தோற்றவரின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தன் கையால் தட்டிவிடுவார். எல்லாப் போட்டியிலும் இது நடக்கும். பார்வையாளரிடமும் அதே பண்பைக் காணலாம்: எதிரெதிர் மல்லர்களின் ஊர்க்காரர்கள் ஒரே பலகையில் அமர்ந்திருப்பார்கள், இடையில் வேலி கிடையாது. களத்துக்குள் விளம்பரப் பலகைகளும் இல்லை.

படி 5: இடைவேளையில்

யோடல் பாட்டு, ஆல்ப் கொம்பு, கொடி வீச்சு எல்லாம் இருக்கும். கல் எறிதல் இருந்தால் அருகில் போய்ப் பாருங்கள். இன்டர்லாக்கனில் 1805-இல் தொடங்கிய உன்ஷ்புன்னன் விழாவின் கல் 83.5 கிலோ. அந்த விழா இப்போது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது.

சாப்பாட்டில் செர்வெலா தொத்திறைச்சியில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேரும். சைவர்கள் மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ் சேர்த்து, ஆப்பிள் கூழோடு தரும் ‘எல்ப்ளர்மக்ரோனன்’ கேட்கலாம். பன்றியிறைச்சித் துண்டு கலந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பரிசுக் கூடத்தையும் சுற்றிப் பாருங்கள். மாட்டு மணி, மரச்சாமான் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். பெரிய விழாக்களில் வெற்றியாளருக்கு உயிருள்ள காளையே பரிசு. பலர் அதற்கு ஈடான பணத்தைப் பெற்றுக்கொள்வார்கள்.

படி 6: திரும்புதல்

இறுதிப் போட்டி முடிந்ததும் கூட்டம் மொத்தமாக ரயில் நிலையத்துக்குப் பாயும். நீங்கள் போகாதீர்கள். பங்கேற்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு ஓக் இலைக்கிரீடம் சூட்டுவார்கள். அத்தனை பெரிய உடம்புக்காரர்களும் வரிசையாக மண்டியிட்டுத் தலை குனிந்து அதை ஏற்பார்கள். காலையில் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த இளைஞரும் வரிசையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அதற்கடுத்த ரயிலைப் பிடியுங்கள்.