முதல் ட்ரெக்கிங் பூட்ஸ்: அளவெடுப்பது முதல் பழக்கி எடுப்பது வரை

மலை ஏறும்போது குதிகால் உரசிக் கொப்புளம் போடும். இறங்கும்போது விரல் நுனி முட்டி நகம் கறுக்கும். பூட்ஸால் வரும் தொந்தரவில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். குதிகால் ஆடாமல், விரல்கள் நெருக்கப்படாமல் இருந்தால் அது எந்தக் கம்பெனி பூட்ஸாக இருந்தாலும் நல்ல பூட்ஸ்தான். பிராண்டு, விலை, தண்ணீர் புகாத தன்மை எல்லாம் அப்புறம்.

படி 1: போகும் இடத்தை முடிவு செய்யுங்கள்

கொழுக்குமலை, மேகமலை போல ஒன்றிரண்டு நாள் நடை, முதுகில் ஐந்தாறு கிலோ பை என்றால், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ட்ரெக்கிங் ஷூவே போதும். ஜோடி சுமார் 700 முதல் 900 கிராம் இருக்கும். 10 கிலோவுக்கு மேல் சுமை, உருளும் கற்கள், பனி என்று போனால் கணுக்காலை மூடும் 'மிட்' ரகம். ஜோடி 1 முதல் 1.3 கிலோ. முழுத்தோலில் 1.5 கிலோவைத் தாண்டும் கனமான பூட்ஸ் முதல்முறை வாங்குபவருக்குத் தேவைப்படாது. காலில் கூடும் ஒவ்வொரு 100 கிராமையும் நாள் முழுக்கத் தூக்கி வைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: வீட்டில் அளவெடுங்கள்

சாயங்காலம் அளவெடுங்கள். காலையில் இருப்பதைவிட அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். ட்ரெக்கிங்குக்குப் போடப்போகும் சாக்ஸோடு, சுவரில் குதிகால் ஒட்டும்படி ஒரு தாளின் மேல் நிமிர்ந்து நில்லுங்கள். நீளமான விரலின் நுனியை இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறிக்கட்டும். நீங்களே குனிந்து குறித்தால் எடை முன்னால் சாய்ந்து அளவு மாறிவிடும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸின் உள்நீளம் அதைவிட 10 முதல் 12 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பாதம் 262 மி.மீ. என்றால் உள்ளே 272 முதல் 274.

நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் யு.கே. நம்பர்தான். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். அதனால் 8 இறுக்கமாகவும் 9 தொளதொளவென்றும் இருப்பது சகஜம். அரை நம்பர் கிடைக்குமா என்று கேளுங்கள்.

செருப்பிலேயே வளர்ந்த கால் முன்பக்கம் அகன்றிருக்கும். சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது என்பதற்காக ஒரு நம்பர் பெரிதாக வாங்குவதுதான் பலரும் செய்வது. அப்படி வாங்கினால் அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம் நிறையக் கூடிவிடும். பூட்ஸ் மடியும் இடம் விரல் மடியும் இடத்தைத் தாண்டிப் போகும், குதிகால் உள்ளே ஆடத் தொடங்கும். நம்பரைக் கூட்டுவதற்குப் பதில் அகல ரகம் கேளுங்கள், அல்லது அச்சு (பூட்ஸ் தைக்கப் பயன்படும் பாத வடிவம்) வேறாக இருக்கும் இன்னொரு பிராண்டைப் போட்டுப் பாருங்கள்.

படி 3: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

சாக்ஸை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் பார்த்தால் கணக்கு தப்பும்.

முதலில் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த பூட்ஸை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்து லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சிறிது, இரண்டு விரல் நுழைந்தால் பெரிது.

இனி குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டிப் பின்னால் உட்கார வைத்து லேஸைக் கட்டுங்கள். நடக்கும்போது குதிகால் லேசாக எழும்பலாம், சில மி.மீ. மட்டும். புது பூட்ஸின் சோல் விறைப்பாக இருப்பதால் அது வரும். 'பழகினால் சரியாகிவிடும்' என்று விற்பவர் சொல்வது இந்தச் சின்ன அசைவுக்குப் பொருந்தும். விரல் முட்டுவதற்கும் பக்கவாட்டில் இறுக்குவதற்கும் பொருந்தாது.

கடைசியாக, கடையில் சரிவுப் பலகையோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பூட்ஸின் மூக்கைத் தரையில் நாலைந்து முறை குத்துங்கள். விரல் முன்னால் முட்டினால் வெள்ளியங்கிரி போன்ற படிகளில் இறங்கும்போது நகத்துக்கடியில் ரத்தம் கட்டும். குறைந்தது பதினைந்து நிமிடம் போட்டபடியே சுற்றுங்கள். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனால் லேஸைத் தளர்த்துங்கள். அப்போதும் மரத்தால் அந்த அச்சு உங்கள் காலுக்கு ஒத்துவராது.

படி 4: உழைக்குமா என்று பாருங்கள்

முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல்களின் அடிமேடு வரும் இடத்தில் மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் உள்ளே விறைப்புப் பட்டை இல்லை அல்லது போதாது. கூர்மையான கல்லின் மேல் மிதிக்கும்போது உள்ளங்காலில் தெரியும். பிறகு துணி பிழிவது போல முறுக்குங்கள். எளிதாக முறுக்க முடிந்தால் அது மலைக்கு ஆகாது.

அடிசோலின் பற்கள் 4, 5 மி.மீ. ஆழமும், மண் சிக்காத அளவுக்கு இடைவெளியும் இருக்கட்டும். குதிகால் பக்கப் பற்கள் எதிர்த்திசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இறக்கத்தில் பிரேக் அதுதான். மேல்பாகத்தில் தையல் எத்தனை குறைவோ அத்தனை நல்லது, ஏனென்றால் முதலில் பிரிவதும் தண்ணீர் நுழைவதும் தையலில்தான். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் பூட்ஸோடு சேர்த்துத் தைத்திருந்தால் மண்ணும் குறுங்கல்லும் உள்ளே வராது. ரத்தம் உறிஞ்சும் அட்டை? அதற்கு நாக்கு போதாது, நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ்தான் வேண்டும்.

படி 5: வாட்டர்ப்ரூஃப் வேண்டுமா?

கோர்டெக்ஸ் போன்ற தண்ணீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸை எல்லாருக்கும் சிபாரிசு செய்வது தவறு. கேதார்கந்தா மாதிரி பனியில் நடக்கும் இமயமலைப் பாதைகளுக்கு அது கட்டாயம். ஈரக்கால் அங்கே குளிரில் விறைத்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை வேறு. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் பூட்ஸின் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீரைச் சவ்வு வெளியேவும் விடாது. மறுநாள் காலை ஈர பூட்ஸில்தான் கால் விட வேண்டும். வெயில் நாளில் வியர்வைக்கும் இதே கதி. நம் காடுகளுக்கு மட்டும் என்றால் சீக்கிரம் காயும் வலைத்துணி ரகமே என் தேர்வு, விலையும் குறைவு.

எந்த பூட்ஸானாலும் பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலை ஊறவைக்கும்; ஊறிய தோல்தான் முதலில் உரியும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை வாங்குங்கள்.

படி 6: பழக்குங்கள்

முதல் நாட்களில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு தெருவில் 3 கி.மீ., பிறகு பையோடு மாடிப்படி. துணி ரகத்துக்கு ஒரு வாரம், தோலுக்கு மூன்று, நான்கு வாரம். தண்ணீரில் முக்கிப் பழக்கும் குறுக்குவழி பசையைக் கெடுக்கும், தோலைச் சுருக்கும்.

லேஸில் ஒரு வித்தை: பாதம் கணுக்காலோடு சேரும் இடத்தில், சாதாரண முடிச்சில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இழுங்கள். அந்த இடம் பூட்டியதுபோல நிற்கும். கீழே விரல் பக்கம் தளர்வாகவும், மேலே இறுக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம். இறக்கம் தொடங்கும் முன் ஒருமுறை நின்று இதைக் கட்டிக்கொண்டால் பாதம் முன்னால் சறுக்காது.

படி 7: அட்டைப்பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்

நடையிலிருந்து வந்ததும் இன்சோலை எடுத்துவிட்டு, சேற்றைப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவி, உள்ளே நியூஸ்பேப்பர் திணித்து நிழலில் காயவையுங்கள். காகிதம் ஈரமானதும் மாற்ற வேண்டும். வெயிலும் அடுப்புச் சூடும் பசையை இளக்கும், தோலை வெடிக்க வைக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடிசோலுக்கு மேலே இருக்கும் நடுசோல் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால், காற்றின் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். போடாமல் பரணில் வைத்திருந்தாலும் இது நடக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் வேகமாக. ஐந்தாறு வருடம் பெட்டியில் கிடந்து பார்ப்பதற்குப் புதிதுபோல இருக்கும் பூட்ஸ், மலையில் முதல் மணி நேரத்திலேயே சோல் பொடிப்பொடியாக உதிர்ந்து கையில் வருவது இதனால்தான். ஈ.வி.ஏ. என்ற இன்னொரு நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த நடுசோல் இப்படி உதிராது. அது அமுங்கித் தட்டையாகி, மெத்தென்று இருப்பதை இழக்கும்.

எனவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நடுசோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு, பிசுபிசுப்பு, உதிரும் துகள், இதில் எது தெரிந்தாலும் அந்த ஜோடியை நம்ப வேண்டாம். எதுவும் தெரியாவிட்டாலும் ஊரிலேயே 3 கி.மீ. நடந்து பார்த்துவிடுங்கள். பையில் நாலைந்து பெரிய கேபிள் டையும் (இழுத்தால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டை) ஒரு மீட்டர் டக்ட் டேப்பும் போட்டுக்கொள்ளுங்கள். சோல் பிரிந்தால் முன்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று என்று டையால் சுற்றி இறுக்கி, பூட்டு மேல்பக்கம் வரும்படி வைத்தால் அடிவாரம்வரை தாங்கும். டேப் மட்டும் சுற்றினால் பாறையில் உரசி அரை மணி நேரத்தில் அறுந்துவிடும்.