மோர் ரொட்டி: ஈஸ்ட் இல்லாமல் முதல்முறை சுடுபவர்களுக்கு

இந்த ரொட்டியை உப்ப வைப்பது மோரின் புளிப்புதான். அந்த அமிலம் சமையல் சோடாவுடன் சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்புகிறது. அதனால் மோர் நன்றாகப் புளித்திருக்க வேண்டும். தண்ணீராய் ஓடுகிற மோர் உதவாது. முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் தண்ணீர் விட்டுக் கடைந்தால் பதம் சரியாக வரும்.

மாவைத் தொடுவதற்கு முன்பே ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிவிடுங்கள். முதல்முறை நான் மாவைக் கலந்துவிட்டுத்தான் ஓவனைப் போட்டேன். அது சூடாவதற்குள் வாயுவெல்லாம் வெளியேறி, ரொட்டி கல்லாக வந்தது.

அடுத்து 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா கட்டியாக நின்றுவிட்டால் அந்த இடம் மட்டும் சோப்பு போலக் கசக்கும். அளவைக் கூட்டினாலும் இதே கசப்புதான்.

மாவின் நடுவே குழி பறித்து 200 மில்லி மோரை ஊற்றுங்கள். ஒரு கை மோரைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மாவு கேட்டால் மட்டும் சேருங்கள். விரல்களை விரித்து, உலர்ந்த மாவு மறையும்வரை கிளறினால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசையவே கூடாது, ரொட்டி இறுகிவிடும். கையில் ஒட்டுகிற, மேடுபள்ளமான மாவுதான் சரியான மாவு. லேசாக விலக்கிப் பாருங்கள்: உள்ளே குண்டூசித் தலை அளவில் குமிழிகள் தெரியும். இனி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மாவு தூவிய தட்டில் வட்டமாக வைத்து, நடுப்பகுதியும் வேக, கத்தியால் பாதி ஆழத்துக்குக் கூட்டல் குறி கீறி உள்ளே வையுங்கள். சுமார் 35 நிமிடத்தில் வெந்துவிடும். துணியால் பிடித்துத் திருப்பி அடியில் தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டியதுபோலக் கேட்டால் எடுக்கலாம். மந்தமாகக் கேட்டால் இன்னும் 5 நிமிடம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு வெட்டுங்கள், சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

மிஞ்சிய மோரைக் குழம்பிலோ சூப்பிலோ சேர்ப்பதானால் ஒரு தேக்கரண்டி மாவு கரைத்துச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.