டென்னிஸ் மட்டைக்கு வீட்டிலேயே புது வண்ணம்: எடை கூடாமல் பூசும் முறை

ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாத கிராஃபைட் மட்டை, தரையில் உரசி உரசித் தலைப்பகுதியில் வண்ணம் பெயர்ந்துவிட்ட ஒரே காரணத்துக்காகப் பரணுக்குப் போய்விடுவதுண்டு. அதற்குப் புது வண்ணம் பூச, ஸ்பிரே டப்பாக்களும் வாட்டர் பேப்பரும் ஒரு வாரப் பொறுமையும் போதும். ஆனால் வீட்டு இரும்புக் கேட்டில் இரண்டு கோட் கூடிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. மட்டையில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் கைக்குத் தெரியும். இந்த வேலையின் கடினமான பகுதி பளபளப்பை வரவழைப்பது அன்று. வண்ணத்தைக் குறைவாகப் பூசுவதுதான்.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கைப்பிடிக்கு மேலே உள்ள சட்டத்தின் மேற்பரப்பு, ஏறத்தாழ 900 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 20 மைக்ரான் தடிமனில் காய்ந்து நிற்கும் வண்ணப் படலத்தின் எடை 2 கிராமுக்குச் சற்று அதிகம். ப்ரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று தாராளமாக அடித்துக்கொண்டே போனால் 8, 10 கிராம் கூடுவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்த எடையில் பெரும்பகுதி மட்டையின் தலையில் உட்காருகிறது என்பதுதான் சிக்கல். மட்டையை வீசும்போது உணரப்படும் கனத்தை, அதாவது ஸ்விங் வெயிட்டை, கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள அச்சை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கின்படி, 27 அங்குல மட்டையின் உச்சியில் சேரும் ஒரு கிராம், ஸ்விங் வெயிட்டை 3.4 அலகு (கி.கி. செ.மீ.²) உயர்த்தும்; அதே ஒரு கிராம் தலை வளையம் முழுவதும் பரவி நின்றால் ஏறத்தாழ 2 அலகு உயர்த்தும். ஈய நாடா ஒட்டி மட்டையின் கனத்தைத் திருத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே மனத்தில் கொள்ள வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, ஒளிரும் பச்சை போன்றவை அடியில் வெள்ளை இல்லாமல் எடுபடாது; வெள்ளைக்கென்று இரண்டு கோட் கூடிவிடும். மங்கல் கறுப்பு ஒரே நிறத்தில் முடிந்துவிடும், குறையையும் மறைக்கும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ரோஜர் ஃபெடரர் 2013 ஜூலையில் ஹாம்பர்க்கிலும் க்ஸ்டாடிலும் 98 சதுர அங்குலத் தலை கொண்ட சோதனை மட்டையோடு இறங்கியபோது, அது எழுத்தோ கோடோ இல்லாமல் முழுக் கறுப்பாகத்தான் இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் தமக்குப் பழகிய பழைய சட்டத்தின்மேல் புது மாடலின் வண்ணத்தைப் பூசி ஆடுவது ஊரறிந்த செய்தி. அவர்களுக்கு அதைச் செய்து தருபவர்கள் எல்லா மட்டைகளையும் கிராம் கணக்கில் ஒன்றுபோல் ஆக்கித் தருகிறார்கள். நமக்கு வேண்டியதும் அந்த ஒழுக்கம்தான்.

தொடங்கும் முன்

வண்ணத்துக்கு அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தலையின் உச்சி, வளையத்தின் இரு பக்கவாட்டு, தொண்டைப் பகுதியின் கவைகள் ஆகிய இடங்களில் நகத்தை ஓட்டினால், மேல்வண்ணம் மட்டும் பெயர்ந்த இடம் படியாக இறங்கித் தட்டுப்படும்; சட்டமே விரிந்திருந்தால் மெல்லிய கோடு ஒன்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு போகும், அழுத்தினால் நெறுநெறுக்கும். விரிந்த மட்டைக்கு வண்ணம் பூசிப் பயனில்லை.

பிறகு, கிரிப்பைக் கழற்றி, நரம்புகளை வெட்டிய பின், வெறும் சட்டத்தைச் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அதன் விளிம்பில் மட்டையைச் சமன் செய்து, அடியிலிருந்து சமநிலைப் புள்ளி எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். நரம்பை வெட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கிலும் குறுக்கிலும் மாற்றி மாற்றி வெளிநோக்கி வெட்ட வேண்டும். ஒரு பக்கமாக மட்டும் வெட்டிக்கொண்டே போனால், மீதி இழுவிசை வளையத்தைக் கோணலாக்கும்.

கிராமட்டுகள்: பெரும்பாலோர் சிக்கும் இடம்

இணையத்தில் உள்ள விளக்கங்களில் பல, "கிராமட்டைக் கழற்றுங்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில், வேலை பாதியில் நிற்பது இங்கேதான். நரம்பு செல்லும் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழல்களான கிராமட்டுகளும், தலையின் வெளிவிளிம்பைக் காக்கும் பம்பரும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டவை. பல மாதங்கள் நரம்பின் இழுப்பில் இருந்த குழல்களின் உள்முனை வளைந்து, விரிந்து, குடைபோல் அகன்றிருக்கும். அதை அப்படியே வெளியே தள்ளினால் குழல் அடியோடு முறியும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் மாடலுக்கு உதிரி கிராமட் செட் கிடைக்கிறதா என்று விசாரிப்பது. கிடைத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு பழையதைத் தொடுங்கள். பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது பழையதையே பிழைக்க வைக்க வேண்டும். ஹேர் டிரையரால் பம்பரை மிதமாகச் சூடாக்கினால் பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும். சூடான நிலையிலேயே, விரிந்த முனைகளைக் கூரிய பிளேடால் மிக மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு, குழலின் துளையைவிடச் சற்றே பருத்த மழுங்கிய குத்தூசியால், வளையத்தின் உட்புறத்திலிருந்து ஒவ்வொரு குழலையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். ஒரு குழலை முழுதாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. வரிசை முழுவதும் சிறிது சிறிதாக எழும்ப வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் பம்பர் தானே கையோடு வந்துவிடும். ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் பிளாஸ்டிக் உருகுவதோடு, சட்டத்தைப் பிணைத்து வைத்திருக்கும் எபாக்ஸி பிசினும் கெடும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு குழல்கள் முறியலாம். கட்டிங் போடுகிறவர்களிடம், அதாவது மட்டைக்கு நரம்பு பின்னுகிறவர்களிடம், இதற்கென்றே டெஃப்லான் குழாய் இருக்கும். அதில் ஒரு துண்டை வெட்டிச் செருகினால் முறிந்த குழலின் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

கிராமட்டைக் கழற்றாமல், அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பூசலாம்தான். ஆனால் டேப்பின் ஓரத்தில் வண்ணம் கரை கட்டும். அடுத்த முறை கிராமட் மாற்றும்போது அந்தக் கரை செதில் செதிலாகப் பெயரும். கழற்றுவதே என் முடிவு.

தேய்ப்பது

பெயின்ட் ரிமூவரை இந்த வேலையில் தொடக்கூட வேண்டாம். அதில் உள்ள கரைப்பான்கள் வண்ணத்தோடு நிற்காமல் எபாக்ஸியையும் இளக்கும். தின்னரில் துணியை நனைத்துத் துடைப்பதும் தவறுதான். பழைய வண்ணத்தை முழுவதும் உரித்தெடுக்கத் தேவையே இல்லை; அதன் பளபளப்பை மட்டும் கொன்று, புது வண்ணம் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பை உண்டாக்கினால் போதும்.

வண்ணம் பெயர்ந்த இடங்களின் விளிம்பை 320 எண் வாட்டர் பேப்பரால் சரிவாகத் தேய்த்து, பிறகு சட்டம் முழுவதையும் 600 எண் தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தாளும் அடைக்கும், தூசியும் பறக்கும். கார்பன் இழைத் தூசி தோலையும் மூச்சையும் உறுத்தக்கூடியது. தேய்க்கும்போது வழிகிற நீரின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் பழைய வண்ணத்தின் நிறம் வரும், பிறகு பெரும்பாலும் ப்ரைமரின் சாம்பலோ வெள்ளையோ வரும்; அதற்குப் பின் கருமையாக ஓடத் தொடங்கினால், கறுப்பு மட்டையாக இல்லாத பட்சத்தில், நீங்கள் கார்பன் இழையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் மட்டையை நன்கு உலர்த்தி, கழற்றிய கிராமட்டையும் சேர்த்து வைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். தேய்த்ததில் எத்தனை கிராம் குறைந்ததோ, அதுதான் நீங்கள் பூசக்கூடிய வண்ணத்தின் அளவு. அதற்கு மேல் 3 கிராம் வரை கூடினால் பாதகமில்லை.

ஆழமான பள்ளங்களுக்கு மட்டும் பட்டி வைத்துத் தேய்த்துவிடலாம். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த சட்டத்தை வெறும் கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் மீன்கண்போல் வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

பூசுவது

ஸ்பிரே டப்பாக்களை வாங்கும்போது ப்ரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக, முடிந்தால் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். எனாமல் வண்ணத்தின்மேல் லேக்கர் கிளியரை அடித்தால், லேக்கரில் உள்ள வீரியமான கரைப்பான் அடியிலுள்ள எனாமலை வீங்க வைத்து, பாலாடைபோல் சுருங்கச் செய்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. முழுவதும் தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். என் விருப்பம் மூன்றிலும் அக்ரிலிக் லேக்கர்: விரைவில் காயும், மெல்லியதாக அமரும்.

கைப்பிடியைக் காகிதத்தால் சுற்றி மூடிவிட்டு, அதையே பிடியாகக் கொண்டு மட்டையைத் திருப்பித் திருப்பி அடிக்கலாம். கோட்டுகளுக்கு இடையில் கொடியில் தொங்கவிடலாம். துளைகளுக்கும், பம்பர் உட்காரும் வெளிப்பள்ளத்துக்கும் வண்ணம் தேவையில்லை. பள்ளத்தில் மெல்லிய டேப் ஒட்டி மூடிவிடுவது எடையையும் மிச்சப்படுத்தும், பம்பர் மறுபடி உட்காராமல் முரண்டு பிடிப்பதையும் தவிர்க்கும்.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 25 முதல் 30 செ.மீ. தொலைவில் பிடித்து, சட்டத்துக்கு வெளியே தொடங்கிச் சட்டத்துக்கு வெளியே முடியும்படி வீச்சு வீச்சாக அடியுங்கள். முதலில் வளையத்தின் உட்புறம், பிறகு தொண்டைக் கவைகள், கடைசியில் முகப்பு. கவையின் மூலைகளில்தான் வண்ணம் தேங்கி வழியும். முதல் கோட் தூறல்போல் புள்ளி புள்ளியாக விழுந்தால் போதும். அடியிலுள்ள நிறம் தெரிகிறதே என்று நிரப்ப முயலாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ப்ரைமர் ஒன்று, நிறம் இரண்டு அல்லது மூன்று. மூன்றாவது கோட்டில் நிறம் மூடவில்லையென்றால் கோளாறு டப்பாவில் இருக்கிறது; நான்காவதை அடிப்பதைவிட வேறு நல்ல டப்பா வாங்குவது மேல்.

வரிகளும் கட்டங்களும் வேண்டுமென்றால், சாதாரண மாஸ்கிங் டேப்பை விட்டுவிட்டு, வாகன வண்ணக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபைன்லைன் டேப்பை வாங்குங்கள். அது வளைவில் மடியாமல் படியும், ஓரத்தில் கசியவும் விடாது. வண்ணம் முழுவதும் காய்வதற்கு முன்பே, டேப்பைத் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுத்து உரித்துவிட வேண்டும்.

கிளியர் இரண்டு மெல்லிய கோட்டுகளுக்கு மேல் வேண்டாம். மங்கல் கறுப்புக்கு மங்கல் கிளியர்தான். அதன்மேல் பாலிஷ் தேய்த்தால் அங்கங்கே பளபளத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

பொறுத்திருப்பது

லேக்கர் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் நிழலில் தொங்கட்டும். மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாடை அடிக்கக் கூடாது. கிரிப்பின் மேல்விளிம்பு மறைக்கப்போகும் இடத்தில் கட்டை விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது. இந்த இரண்டும் தேறிய பிறகே கட்டிங் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நரம்பு பின்னும் இயந்திரத்தின் பிடிகள் சட்டத்தைப் பெரும்பாலும் ஆறு இடங்களில் வலுவாக இறுக்கும். இளகிய வண்ணத்தில் அந்த இடங்களிலெல்லாம் நிரந்தரமாகத் தடம் பதிந்துவிடும்.

அதற்கு முன் கிராமட்டுகளைப் பொருத்த வேண்டும். பம்பரைச் சுடுநீரில் ஒரு நிமிடம் போட்டு இளக்கி, நீரை உதறிவிட்டு, உச்சியின் நடுத்துளையில் தொடங்கி இரு பக்கமும் சமமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். துளையில் வண்ணம் புகுந்து இறுக்கமாக இருந்தால், வாட்டர் பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகினால் வழிவிடும். பிறகு எடையையும் சமநிலைப் புள்ளியையும் மறுபடி எடுத்து, முதலில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். முதலில் நிறுத்தபோது கிராமட் சேர்ந்திருந்தது என்பதால் இப்போதும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்களில் சிலர், கறுப்பின்மேல் வெண்மையான மூட்டம் படர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். அவர்கள் சென்னையிலும் கடலூரிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூசியவர்கள். லேக்கரின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் நீர் அதன்மேல் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே மூட்டம் விழுந்திருந்தால், நல்ல வெயில் காயும் ஒரு முற்பகலில் அதே கிளியரை மிக மெல்லிய ஒரு கோட் அடித்துப் பாருங்கள். கரைப்பான் மேற்படலத்தை இளக்கி ஈரத்தை வெளியேற்றும், பெரும்பாலும் மூட்டம் கலையும்.

இன்னொரு கேள்வி, கார்களுக்குப் பயன்படும் 2கே கிளியரை, அதாவது இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் கிளியரைப் பற்றியது. உறுதியில் அதற்கு நிகரில்லை என்பது உண்மை. ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமா வரை கொண்டுபோகக்கூடியது. துணி முகக்கவசமும் என்95 கவசமும் அந்த ஆவியைத் தடுக்காது. குழந்தைகள் நடமாடும் மாடியிலோ பால்கனியிலோ அதை அடிக்க நான் சொல்ல மாட்டேன். சட்டத்தை இதுவரை சொன்னபடி தயார்செய்து, நிறம்வரை நீங்களே பூசிவிட்டு, கிளியரை மட்டும் ஸ்பிரே பூத் உள்ள கார் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கலாம். அதற்கு முன், உங்கள் நிறத்தின்மேல் 2கே ஒத்துப்போகிறதா என்று ஒரு தகரத் துண்டில் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டு கோட்டுக்கு மேல் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கார் கதவுக்கு அடிக்கிற பழக்கத்தில் அவர்கள் தாராளமாக அடித்துவிடுவார்கள்.